அடிபட்டால் முதலில் எழுதும் தாள்

அன்புள்ள குமாருக்கு,

ரயில்வே யார்டு வேலையில் சேர்ந்துவிட்டாய், சந்தோஷம். ஒன்றை மட்டும் மனதில் வை. அமெரிக்காவில் மற்றத் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்கு அடிபட்டால், தவறு யாருடையது என்று கேட்காமல் மாநில இழப்பீட்டுத் திட்டம் பணம் தரும். ரயில்வேக்காரருக்கு அது கிடையாது. உங்களுக்கு 1908-ல் வந்த ஃபெலா (FELA) என்ற மத்திய முதலாளி பொறுப்புச் சட்டம்தான். கம்பெனியின் கவனக்குறைவை நீதான் நிரூபிக்க வேண்டும். அந்தக் கவனக்குறைவு விபத்துக்குக் கொஞ்சம் காரணமாக இருந்தாலே போதும். பட்ட வலிக்கும் சேர்த்துக் கேட்கலாம், உச்சவரம்பு இல்லை.

அதனால் வழக்கின் உயிர் அன்றைக்கே நிரப்பும் விபத்துப் படிவத்தில் இருக்கிறது. "கருவியில் குறை இருந்ததா?" என்று கேட்டிருப்பார்கள். வலியில் "இல்லை" என்று எழுதிவிட்டால், பின்னால் கோர்ட்டில் அதையே நீட்டுவார்கள். "கால் வழுக்கியது" என்பதோடு நிறுத்தாதே. ஏன் வழுக்கியது? ஜல்லியில் எண்ணெய் சிந்தியிருந்ததா, விளக்கு எரியவில்லையா, இரண்டு ஆள் வேலைக்கு உன்னை மட்டும் அனுப்பினார்களா? இருந்ததை இருந்தபடி எழுது. பெட்டி எண், லைன் எண், நேரம், கூட நின்றவர் பெயர் எல்லாம் வேண்டும். நகல் எடுத்துக்கொள். முடிந்தால் உடனே போட்டோவும் எடு, பழுதான பாகம் மறுநாள் அங்கே இருக்காது.

கம்பெனியின் க்ளெய்ம் ஏஜெண்ட், அதாவது இழப்பீட்டு விவகாரத்தைக் கம்பெனிக்காகக் கவனிக்கும் ஆள், ஆஸ்பத்திரிக்கே வந்து நயமாகப் பேசுவார், ரெக்கார்டரை வைப்பார். பதிவு வாக்குமூலம் தர வேண்டும் என்று ஃபெலாவில் எங்கும் இல்லை. யூனியனிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்.

உன் பங்குத் தவறு கழிக்கப்படும். நட்டம் 4 லட்சம் டாலர், உன் தவறு 25 சதவீதம் என்று ஜூரி சொன்னால் 3 லட்சம். ஆனால் கை பிரேக் பிடிக்காமல் போனது, பெட்டிகள் மோதியும் தானாகக் கோத்துக்கொள்ளாதது போன்றவை ரயில்வேக்கான பாதுகாப்புச் சாதனச் சட்டத்தையே மீறியவை. அங்கே ஒரு காசும் கழிக்க முடியாது. பலர் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

வழக்குப் போட 3 வருஷம். சமரசப் பேச்சு நடக்கிறதே என்று உட்கார்ந்திருக்காதே, கெடு நிற்காது. காது மந்தம், நுரையீரல் நோய் மாதிரி மெதுவாக வருவதற்கு, வேலையால் வந்தது என்று தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கு. அடிபட்டதைச் சொன்னதற்காகத் தண்டித்தால் ஓஷா (OSHA) என்ற மத்திய அரசின் வேலைப் பாதுகாப்பு அமைப்பில் 180 நாளுக்குள் புகார் கொடு.

வீட்டில் இருக்கும் நாட்களுக்கு ரயில்வே ஓய்வூதிய வாரியம் தரும் நோய்க்காலப் பணத்தை வாங்கிக்கொள். ஆனால் இழப்பீடு வந்ததும் அதைத் திருப்பிப் பிடிப்பார்கள். சமரசத் தொகையை ஒப்புக்கொள்ளும் முன் அதையும் வக்கீல் கட்டணத்தையும் கழித்துப் பார்.

அப்பா