பொயிலை போடுவீர்களா என்று கேளுங்கள்

அன்புள்ள கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு,

பிரசவ வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் நான். கர்ப்பிணிகளிடம் "புகை பிடிப்பீர்களா?" என்று கேட்கும் ஒரே ஒரு கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். முதல் பிரசவம். மாதம் நிறைந்தும் குழந்தை 1.9 கிலோதான். நஞ்சுக்கொடி விழுந்ததும் துண்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று தட்டில் விரித்துத் தடவிப் பார்த்தேன். அரைக் கிலோ அளவில் இருக்க வேண்டியது, உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிது. விரலுக்கு மணல் மணலாகத் தட்டுப்பட்டது. கேஸ் ஷீட்டில் புகைப்பழக்கம் 'இல்லை' என்று நான்தான் எழுதியிருந்தேன். அவளும் பொய் சொல்லவில்லை. அப்புறம் அவள் அம்மா மாற்றுச் சேலை எடுக்கும்போது, வெற்றிலை பாக்கோடு பொயிலைத் துண்டும் பையிலிருந்து விழுந்தது. மசக்கை வாந்திக்காக அந்தப் பெண் பழகியதாம். "வெத்தல போடுறது தப்பாம்மா?" என்றாள்.

இந்த ஒரு நஞ்சுக்கொடியை வைத்துப் பொயிலைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மும்பையில் 1217 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், புகையில்லாப் புகையிலை பயன்படுத்தியவர்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைவாக இருந்தார்கள். மென்றாலும் நிக்கோட்டின் ரத்தத்தில் ஏறும், நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும். ரத்தக் குழாய்களையும் சுருக்கும்.

புகைத்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து, குழந்தைக்குப் போகிற ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி பிரியும் ஆபத்தும் கூடும். வயிறு பலகை மாதிரி இறுகி, ரத்தப்போக்கோடு வரும் பெண்ணைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு அவசரம் என்று தெரியும். பக்கத்தில் இருப்பவர் விடும் புகையும் கர்ப்பிணிக்குள் போகும், அதனால் வீட்டுக்குள் யார் பீடி பிடிக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். கஞ்சாவைப் பற்றிக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் போதைப்பொருளும் நஞ்சுக்கொடியைத் தாண்டும், குழந்தையின் எடையும் குறையலாம். கேட்டுவிடுங்கள்.

"புகை பிடிப்பீர்களா?" என்றால் நம் ஊர்ப் பெண்கள் சிரித்துவிட்டு இல்லை என்பார்கள். "வெற்றிலையோடு பொயிலை சேர்ப்பீர்களா? ஹான்ஸ் வைப்பீர்களா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆமாம் என்றால் திட்டாதீர்கள். அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். விட முடியாமல் தவிப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் குறித்துக் கொடுங்கள். அம்மாவையும் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்தே பேசுங்கள். பொயிலை அவர்கள் பையில்தான் இருக்கிறது. "அப்போ வாந்திக்கு என்னதான் பண்றது?" என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கும் பதிலோடு போங்கள்.

அன்புடன்,
பிரசவ வார்டுச் செவிலியர் ஒருவர்