பள்ளி மேடையில் வடசென்னையின் வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இராயபுரத்தில் என் பேத்தி பயிலும் பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், நாடகக் குழுவினர் கட்டபொம்மனாகவும் ஜான்சி ராணியாகவும் வேடமிட்டு நடித்தபோது, பாடநூலைத் திறக்கவே சலித்துக்கொள்ளும் பிள்ளைகளும் வெயிலைப் பொருட்படுத்தாமல் அமர்ந்து பார்த்தனர். (அட்டை வாள் நடுவில் மடங்கிப்போனதும் ஒரு காரணமாக இருக்கலாம்.) ஆயினும், 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையத்தையும், 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் திரு.வி.க., வாடியா ஆகியோரின் துணையோடு கண்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தையும், 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரையும் எங்கள் பிள்ளைகள் மேடையில் கண்டதில்லை. இவற்றுக்குக் கிரீடமும் பட்டாடையும் வேண்டா. வேட்டியும் சட்டையும் போதும். இவற்றையும் மேடையேற்றுமாறும், நடிப்பவர் வேடம் கலைக்கும் முன், மாணவர்களின் கேள்விகளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்குமாறும் பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், இராயபுரம், சென்னை.