ஜூன் 5இல் நட்ட கன்றுக்கு ஆவணியில் யார் தண்ணீர் ஊற்றுவது?

ஆசிரியருக்கு,

உலகச் சுற்றாடல் தினத்துக்கு எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் மரக்கன்று நட்ட செய்தி படத்தோடு உங்கள் பத்திரிகையில் வந்திருந்தது. நல்ல காரியம், குறை சொல்ல எழுதவில்லை என்று தொடங்கத்தான் நினைத்தேன், ஆனால் குறைதான் சொல்லப்போகிறேன். போன வருடமும் இதே நாளில் அதே மதிலோரம் நாற்பது கன்று நட்டார்கள். சிலதுக்குக் கறுப்புப் பையைக்கூடக் கழற்றவில்லை. ஆவணியில் போய் எண்ணினேன், ஐந்து மிஞ்சியிருந்தது. அதிலும் இரண்டைப் பிறகு கட்டாக்காலி மாடு முறித்துவிட்டது.

ஜூனில் திருகோணமலை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கச்சான் காற்று. மழையை எல்லாம் மேற்கே மலைநாட்டில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வருகிற காற்று அது, பகல் பத்து மணிக்கே முகத்தில் அனல் அடிக்கும், கிறவல் வீதிப் புழுதியை அள்ளிவந்து விறாந்தையில் கொட்டும். வளர்ந்த மரமே வாடி நிற்கிற நேரத்தில் முழங்கால் உயரக் கன்று என்ன செய்யும்? நமக்கு மழை ஐப்பசியில்தானே பிடிக்கிறது.

நான் அமீரகத்தில் அல் ஐன் பக்கம் பதினொரு வருடம் வீதியோர மரம் வளர்க்கிற வேலை செய்தவன். கோடையில் வெயில் 45 பாகையைத் தாண்டும். ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பகல் 12.30 இலிருந்து 3 மணி மட்டும் வெட்டவெளியில் ஆளை வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. அந்த நாட்களில் புதுக்கன்று நட எங்கள் போர்மன், ஒரு பாகிஸ்தான் பெரியவர், சம்மதிக்கவே மாட்டார். ஒக்டோபர் போகட்டும் என்பார்.

கோடை முழுக்க, முன்பு நட்டதைக் காப்பாற்றுவதுதான் வேலை. விடியமுன் தண்ணீர் விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் வெந்நீர், அதை அப்படியே கன்றடியில் விட்டால் வேர் வெந்துபோகும் (வந்த முதல் மாதம் நான் ஒரு வரிசையையே அவித்தவன்), ஆகவே கொஞ்சம் வெளியே ஓடவிட்டு, கை வைத்துப் பார்த்துத்தான் பாத்திக்குள் திருப்புவோம். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் கீழே இறங்காது, உப்பும் மேலே படியும். அதனால் கொஞ்சம் வேர் பிடித்த கன்றுக்கு நாள் விட்டு நாள் நன்றாக ஊற விடுவோம். மணல் பறந்து வந்து இளந்தண்டின் தோலையே உரசி எடுத்துவிடும், அதற்குச் சாக்குச் சுற்றி, காற்று வருகிற பக்கம் பேரீச்சை ஓலைத் தட்டி கட்டுவோம். புழுதி மூடிய இலையை அடிக்கடி கழுவியும் விடுவோம்.

இதில் எதுவுமே நமக்குப் புதிதில்லை. பேரீச்சை ஓலைக்குப் பதில் கிடுகு, அவ்வளவுதான். தென்னங்கன்றுக் குழியில் பொச்சுமட்டை அடுக்கி ஈரம் பிடித்து வைத்தவர்கள் நம்முடைய அப்பாமார். கன்றுக்குப் பக்கத்தில் பழைய மண்முட்டி ஒன்றைப் புதைத்து, நிரப்பி, மூடி வைத்தால் தானாகக் கசிந்துகொண்டிருக்கும். உப்புவெளியில் என் வீட்டு வேலியோரம் மூன்று வேம்பும் ஒரு இலுப்பையும் இப்படித்தான் இரண்டு கச்சானைத் தாண்டி நிற்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும், அமீரகத்தில் காஃப் என்று 2008இல் தேசிய மரமாக அறிவித்துக் கொண்டாடுகிறார்களே, அது நம்முடைய வன்னி மரம்தான். நாமோ விஜயதசமிக்கு ஒரு கொப்புத் தேடி அலைகிறோம்.

சரி, கேட்பது இதுதான். நடுவதை ஐப்பசி மழை இரண்டு விழுந்த பிறகு வையுங்கள். ஜூன் 5இல் விழா வேண்டுமென்றால் முன்பு நட்டதுக்குக் கூடு கட்டுங்கள், ஒரு பௌசர் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிப் படம் எடுங்கள், அதையும் பத்திரிகையில் போடலாம். ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகள் வராத நாட்களில் யார் ஊற்றுவது என்று நடும்போதே பெயர் எழுதி வையுங்கள். அந்த மதிலோரம் மிஞ்சியிருக்கிற மூன்றுக்கும் நான் ஊற்றுகிறேன், காவலாளியிடம் சொல்லிக் காலை ஆறு மணிக்குக் கேற்றைத் திறந்துவிடச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகன்,
திருகோணமலை.