டச் மானிட்டரைத் தூக்கிப் போடுமுன்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியதிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கடைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் பில்லிங் சிஸ்டம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. சிஸ்டம் மாறியதும் பழைய டச் மானிட்டர் அசையாமல் நிற்கும், இல்லையென்றால் மவுஸ் மாதிரி ஒரு விரலுக்கு மட்டும் நகரும். "டச் போச்சுங்க, புதுசு வாங்கிருங்க" என்று பதில் வரும். பல நேரம் பேனலில் ஒரு குறையும் இருக்காது. டச்சை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருளான டிரைவர்தான் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

மானிட்டருக்குப் பின்னால் தெரிவது ஒரே யுஎஸ்பி ஒயர். உள்ளே இரண்டு மூன்று இன்டர்ஃபேஸ் இருக்கலாம்: ஒன்று மவுஸ், ஒன்று பல விரல் டச், மற்றொன்று, தொடும் இடத்தைத் திரையோடு பொருத்தும் காலிப்ரேஷன் மென்பொருளுக்கு. திருப்பூர் லைன் வீடு மாதிரிதான். கேட் ஒன்று, வீடுகள் தனித்தனி. விண்டோஸ் முதலில் கேட்டை 'யுஎஸ்பி காம்போசிட் டிவைஸ்' என்று அடையாளம் கண்டு, பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தனி டிரைவர் தேடும். விண்டோஸில் இணைந்த பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அந்த டிவைஸின் பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்டுவேர் ஐடி என்று போனால் முகவரி கிடைக்கும். விஐடி என்பது தயாரிப்பாளர் எண், பிஐடி என்பது பொருளின் எண். அதன் பிறகு எம்ஐ_00, எம்ஐ_01 என்று வருவதுதான் வீட்டு எண். எம்ஐ இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது கேட்டை, அல்லது ஒரே இன்டர்ஃபேஸ் உள்ள சாதாரண டிவைஸை.

கோளாறு பெரும்பாலும் இங்கேதான். பழைய சிடியில் வந்த டிரைவரின், அது எந்த டிவைஸுக்கு என்று சொல்லும் ஐஎன்எஃப் கோப்பில் விஐடி, பிஐடி மட்டும் எழுதி, எம்ஐ விட்டிருப்பார்கள். பொதுவான ஐடியைவிடக் குறிப்பான ஐடிக்குத்தான் விண்டோஸ் முதலிடம் தரும். கேட்டுக்கு 'யுஎஸ்பி காம்போசிட் டிவைஸ்' என்பது பொதுவான ஐடி, விஐடி-பிஐடி குறிப்பான ஐடி. அதனால் அந்த டிரைவர் நேராகக் கேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். வீடுகள் பிரியவே பிரியாது, பல விரல் டச் வெளியே வராது. சரிசெய்ய, அந்த டிவைஸை அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவரையும் நீக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். டிக் போடாவிட்டால் ஒயரை மறுபடி செருகியதும் அதே டிரைவர் திரும்பி வந்து உட்காரும். பிறகும் வந்தால் அப்டேட் டிரைவரில் 'லெட் மீ பிக்' வழியாகப் போய் யுஎஸ்பி காம்போசிட் டிவைஸைக் கையால் தேர்ந்தெடுங்கள். 'ஹெச்ஐடி கம்ப்ளையன்ட் டச் ஸ்கிரீன்' என்று பட்டியலில் வந்துவிட்டால் வேலை முடிந்தது. ஹெச்ஐடி என்பது மவுஸ், கீபோர்டு, டச் எல்லாவற்றுக்கும் பொதுவான முறை, அதன் டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. செட்டிங்ஸின் அபௌட் பக்கத்தில் 'பென் அண்டு டச்' என்ற வரியில் எத்தனை டச் பாயின்ட் என்று காட்டும். அதையும் ஒரு தடவை பாருங்கள். ஹெச்ஐடி வகைப் பேனலுக்குத் தனி டிரைவரே தேவையில்லை. நெட்டில் கிடைக்கும் 'எல்லா டிரைவரும் ஒரே பேக்கில்' சமாச்சாரத்தைத் தொடவே வேண்டாம். பல பழுதுகளுக்குக் காரணமே அதுதான்.

ஹெச்ஐடி வகையில் சேராத பழைய ரெசிஸ்டிவ் (அழுத்தினால் வேலை செய்யும்) பேனல்களின் கதை வேறு. அவற்றுக்குத் தயாரிப்பாளரின் டிரைவர் வேண்டும். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. எனவே விண்டோஸ் 7 காலத்து 32 பிட் டிரைவரை எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் ஓடாது. டிஜிட்டல் கையொப்பமிட்ட 64 பிட் டிரைவர் கிடைத்தால்தான் உண்டு. கிடைக்காதவர்கள் லினக்ஸில் போட்டுப் பார்க்கலாம். அதில் இப்படிப்பட்ட பல பழைய பேனல்களுக்கு யுஎஸ்பிடச்ஸ்கிரீன் என்ற மாட்யூலும், புதிய பல விரல் பேனல்களுக்கு ஹெச்ஐடி-மல்டிடச் மாட்யூலும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கின்றன. எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையை -t சேர்த்துக் கொடுத்தால் எந்த இன்டர்ஃபேஸில் எந்த டிரைவர் என்று வரிவரியாகத் தெரியும்.

இன்னொரு தொல்லை, ஒரு தடவை தொட்டால் பில்லில் இரண்டு உருப்படி ஏறுவது. மவுஸ் இன்டர்ஃபேஸும் டச் இன்டர்ஃபேஸும் ஒரே தொடுதலை ஆளுக்கொரு பக்கம் சொல்வதால் இது நேரும். மானிட்டரின் விஐடி, பிஐடி உள்ள 'ஹெச்ஐடி கம்ப்ளையன்ட் மவுஸ்' எதுவென்று பார்த்து அதை மட்டும் டிசேபிள் செய்யுங்கள். ஐடி பார்க்காமல் கை வைத்தால் மேசைமேல் இருக்கும் நிஜ மவுஸ் செத்துவிடும்.

வாடிக்கையாளர் பக்கம் இரண்டாவது திரை வைத்திருப்பவர்களுக்கு, இங்கே தொட்டால் அங்கே அழுந்தும். கன்ட்ரோல் பேனலில் டேப்லெட் பிசி செட்டிங்ஸ், செட்டப் போய்த் திரையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். சீரியல் எண் இல்லாத டிவைஸை வேறு யுஎஸ்பி போர்ட்டில் மாற்றிச் செருகினால் விண்டோஸ் அதைப் புதுப் பொருளாகவே எடுத்துக்கொள்ளும். போர்ட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவைப்பது நல்லது.

டிரைவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சோமனூர், பல்லடம் தறிக்கூடங்களிலும் பனியன் கம்பெனிகளிலும் இன்ஃப்ராரெட் பிரேம் வகைத் திரைகளின் ஓரத்தில் பஞ்சுத் தூசி படியும். அது ஓரத்திலிருந்து திரைமேல் பாயும் ஒளியை மறைத்ததும் தொடாமலே தொட்டதாகக் காட்டும். விரலின் மின்தாக்கத்தை உணரும் கெபாசிடிவ் திரைக்கு எர்த் சரியில்லாவிட்டாலும் இதே கூத்துதான். முதலில் உலர்ந்த துணியால் ஓரத்தைத் துடையுங்கள், எர்த்தைச் சோதியுங்கள். டிரைவரில் கை வைப்பது அதற்குப் பிறகு.

டச் மானிட்டர் விற்பவர்கள் பில்லில் மாடல் பெயரோடு டச் கன்ட்ரோலர் சிப்பின் விஐடி, பிஐடி எண்களையும், ஹெச்ஐடி வகையா இல்லையா என்பதையும் எழுதிக் கொடுக்கட்டும். வாங்குபவர்களும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குவோர் சிலர்,
திருப்பூர்.