கதவும் ஜன்னலும் உள்ள ஓர் அறை: வீடு கட்டித் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்புகளைக் கட்டி விற்கும் எங்கள் கட்டுமான நிறுவனத்தாருக்கும், அவற்றுக்கு வரைபடம் தீட்டும் கட்டடக்கலை வல்லுநர்களுக்கும்,

வணக்கம். சாவியைப் பெற்றுக்கொண்டு புதிய வீட்டுக்குள் நுழைந்த அன்று, உங்கள் விளம்பரத் தாளில் 'வீட்டு அலுவலகம்' என்று அச்சிட்டிருந்த இடத்தை நானும் என் கணவரும் சிறிது நேரம் தேடினோம். படுக்கையறைக்குச் செல்லும் நடையில், குளியலறைக் கதவுக்கு நேர் எதிரே, சுவரில் நான்கு அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள ஒரு மாடம் விட்டு, அதில் ஒரு பலகையைப் பொருத்தியிருந்தீர்கள். உங்கள் அலுவலர் சுட்டிக்காட்டிய பிறகே அதுதான் அலுவலகம் என்று எங்களுக்கு விளங்கியது.

2020ஆம் ஆண்டுக்குப் பிறகு எத்தனை குடும்பங்களில் வீடே பணியிடமாயிற்று என்பதை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லித்தானே எங்களிடம் விற்றீர்கள். ஆகவே ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும், சாத்துவதற்கு ஒரு கதவும் திறப்பதற்கு ஒரு ஜன்னலும் உள்ள ஒரு சிறிய பணியறையை வரைபடத்திலேயே ஒதுக்குங்கள்.

கதவு ஏன் என்று கேட்பீர்களானால், என் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு 74 வயது. நாள்பட்ட இருமல் உண்டு. பழைய வீட்டில் நான் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து வேலை செய்தபோது, மைக்கை அணைத்துவிட்டு இடக்கையைத் தாழ்த்துவேன். அதைப் பார்த்த பிறகே அவர் இருமுவார். நாங்கள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடன்று, அவராகவே கற்றுக்கொண்டது. ஒருநாள் நெடுநேரம் கையைத் தாழ்த்த மறந்துவிட்டேன். கூட்டம் முடிந்து எழுந்தால், அவர் சமையலறைக்குள் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு கண்ணீர் வழிய நின்றிருந்தார். அந்த வாரமே புது வீடு பார்க்கத் தொடங்கினோம். இப்போதோ, மாடத்தில் சுவரைப் பார்த்து அமரும் எனக்குப் பின்னே கேமராவில் தெரிவது குளியலறைக் கதவு. ஆகையால் இருமலோடு சேர்த்து இயற்கை உபாதையையும் அவர் அடக்கிக்கொள்கிறார்.

நான் கேட்பது பெரிய இடமன்று. ஆறடிக்கு ஏழடி போதும். திரை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமானால் மேசைக்கு இரண்டரை அடி ஆழமாவது வேண்டும். உங்கள் ஒன்றரை அடிப் பலகையில் திரை மூக்கில் இடிக்கிறது. ஜன்னல் முதுகுக்குப் பின்னே இருந்தால் கேமராவில் முகம் கரிய நிழலாகத் தெரியும், முகத்துக்கு நேரே இருந்தால் கண் கூசும். ஆதலால் அது பக்கவாட்டில் அமைய வேண்டும். எழுத்து வேலை நடக்கும் மேசையில் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரநிலை. என் பலகையில் கைப்பேசியால் அளந்தபோது 110 காட்டியது. உள்ளே வெற்றிடமுள்ள மெல்லிய கதவு ஒலியைத் தடுக்காது. கனமான கதவே தடுக்கும், அதுவும் அடியிலுள்ள இடுக்கை அடைத்தால்தான். கான்கிரீட் சுவர்களைத் தாண்டி வருவதற்குள் வைஃபை நலிந்துவிடுவதால், சுவர் பூசுவதற்கு முன்பே இணையக் கம்பிக்கு ஒரு குழாய் பதித்துவிடுங்கள். பிளக் பாயிண்டைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆள் உயரத்தில் ஒன்றே ஒன்று வைத்திருக்கிறீர்கள். மடிக்கணினியைச் சுவரில் மாட்டுவோம் என்று நினைத்தீர்கள் போலும்.

வீட்டு வேலையையும் வேலையாக மதித்து இடம் வகுப்பது புதிய சிந்தனையும் அன்று. 1926ஆம் ஆண்டிலேயே மார்கரேட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர், சமைப்பவரின் நடையையும் நேரத்தையும் கணக்கிட்டு, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக, ஏறத்தாழ 6.5 சதுர மீட்டருக்குள் 'ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை'யை வடிவமைத்தார். அதில் அமர்ந்து வேலை செய்ய ஜன்னலோரம் ஒரு மேசை இருந்தது. நூறாண்டுக்கு முன் காய் நறுக்குவதற்குக் கிடைத்த ஜன்னல், இன்று நாள் முழுவதும் கணினியின் முன் அமர்பவருக்குக் கிடைக்கவில்லை. மாறாக, படுக்கையறையை ஒட்டி உடைகளுக்கென்று ஓர் அறை கட்டியிருக்கிறீர்கள். அதற்குக் கதவும் உண்டு. சட்டைக்கு அறை, அந்தச் சட்டையை வாங்கச் சம்பாதிப்பவருக்கு மாடம்! அலுவலக வாடகையை மிச்சப்படுத்திக்கொண்டு எங்களுக்கு ஒரு நாற்காலிகூட வாங்கித் தராத முதலாளிகளைப் பற்றியும் சொல்ல நிறைய உண்டு. அவர்களுக்குத் தனி மடல்தான் எழுத வேண்டும்.

சினம் தலைதூக்கியிருந்தால் பொறுத்தருளுங்கள். இன்னும் சுவர் எழுப்பப்படாத அடுத்த தொகுதியிலாவது, கதவும் ஜன்னலும் உள்ள அந்தச் சிறிய அறையைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். குடியேறிவிட்ட எங்களுக்கு, வரவேற்பறையின் ஜன்னலோர மூலையை எங்கள் செலவிலேயே தடுத்துக்கொள்ள அனுமதி தாருங்கள். மூல வரைபடம் மாறிவிடும் என்று இருமுறை மறுத்துவிட்டீர்கள். மூன்றாம் முறையும் மறுப்பதற்கு முன், அந்த வரைபடத்தைத் தீட்டியவரை ஒரு வேலைநாள் மட்டும் எங்கள் மாடத்தில் அமர்ந்து பணிசெய்ய அனுப்பிவையுங்கள். நாற்காலி நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
மாடத்திலிருந்து,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி