பூங்காவில் குடிக்கத் தண்ணீர் வையுங்கள்

எங்கள் பிரதேச சபைத் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பூங்காவின் நடுவில் கலர் லைற் போட்டு நீரூற்று ஒன்று கட்டப்போகிறீர்கள் என்று ஊருக்குள் கதை. அழகு வேண்டாம் என்று நான் எழுதவில்லை. போருக்குப் பிறகு தகரக்கொட்டிலில் இருந்து எழும்பிய சனத்துக்கு அழகான ஒரு இடம் கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் விளையாடிக் களைத்த பிள்ளை அந்த ஊற்றில் ஒரு மிடறு குடிக்க முடியாதென்றால், பிறகு அது எதற்கு? பக்கத்துக் கடையில் போத்தல் தண்ணீர் வாங்கத்தானே தாய்மார் ஓடவேண்டும்.

குடிதண்ணீரை அலங்காரமாகவே வைத்த ஊர்கள் உண்டு. கொலராவால் அடிபட்ட லண்டனில், 1859இல் சாமுவேல் கேர்னி தொடங்கிய சங்கம் ஒரு தேவாலய மதிலோரம் இலவசக் குடிநீர் ஊற்றைத் திறந்தது. சங்கிலியில் கோப்பை, குடித்தபின் திரும்ப வைக்கும்படி கல்லிலேயே பொறித்திருந்தார்கள். பின்னர் மாடுகளுக்கும் தொட்டி கட்டி, சங்கத்தின் பெயரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டார்கள். பாரிஸ் கதை எங்களுக்கு இன்னும் கிட்டியது. 1870–71 போர் முற்றுகையில் நொந்துபோன அந்த நகரத்துக்கு, அங்கே வாழ்ந்த ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1872இல் தன் காசில் வார்ப்பிரும்பு ஊற்றுகளை வைத்துக் கொடுத்தார். நாலு பெண்சிலைகள் மேலே கூரையைத் தாங்கி நிற்க, நடுவில் மெல்லிசாகத் தண்ணீர் விழும். அதிலும் இருந்த கோப்பைகளைச் சுகாதாரம் கருதி 1952இல் எடுத்துவிட்டார்கள், தண்ணீரை நிறுத்தவில்லை. போரில் சாய்ந்த கிளிநொச்சி நீர்த்தாங்கி ஏ9 வீதியோரம் வருடக்கணக்காகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, போரில் நொந்த ஊருக்குத் தண்ணீர் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லித்தரவேண்டிய சங்கதியும் இல்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்க்கிற சனம் நாங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கிணற்றுத் தண்ணீரை அப்படியே குழாயில் விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கிறது. சுரண்டினால் ஓடு ஓடாகக் கழருகிறது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பம் அலைகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். தண்ணீரைச் சோதித்து, தேவையான வடிகட்டியைப் பூட்டுங்கள். தண்ணீரில் உப்பைப் பிரிக்கிற ஆர்ஓ இயந்திரம் என்றால் கழிவுத் தண்ணீர் நிறைய வரும். அதைப் பூமரத்துக்கு விட்டால் நிலம் உப்பேறும், கழிப்பறைக்கு விடலாம். குழாய் ஒன்று பதிவாக இருக்கட்டும், சின்னப்பிள்ளைக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும்படி. அடியில் ஒரு சிறு தொட்டி, நாய்க்கும் ஆட்டுக்கும். (மாடு எப்படியும் வேலி பாய்ந்து வரத்தான் போகிறது.)

சிலையா, குடமா, தாமரையா என்பதை எங்கள் ஊர்ச் சிற்பிகளிடம் விடுங்கள். திறப்புவிழாப் பெயர்ப்பலகையையும் விரும்பிய அளவில் வையுங்கள். அடிக்கல் நாட்டுவதற்கு முன்னம், வடிகட்டி மாற்றும் செலவையும் தொட்டி கழுவுகிற ஆளின் சம்பளத்தையும் வருகிற பாதீட்டில் எழுதிக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பின்னேரங்களில் பூங்காவுக்கு வருகிற ஒருவர்