எரிந்த மலையில் முளைப்பது எது?

ஆசிரியருக்கு,

மலை எரிந்தால், 'மழை வந்தால் பச்சையாகிவிடும்' என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். கொடைக்கானல் மலையில் பச்சையாகத்தான் ஆகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். புல்லுக்கு வேர் மண்ணுக்குள் தப்பிவிடும், முதல் மழைக்கே தலைநீட்டும். கூடவே சீகையும் (வாட்டில் என்னும், சோலையையும் புல்வெளியையும் ஆக்கிரமிக்கும் வெளிநாட்டு மரம்) கிளம்புகிறது. அதன் விதை பல வருடம் மண்ணில் உறங்கும். தீயின் சூடு பட்டதும் ஓடு பிளந்து, கருகிய தரையில் கீரைப் பாத்தி போல நாற்றுகள் நெருக்கியடித்து நிற்கும்.

இந்த மலையின் இயற்கைக் காடான சோலையின் மரங்களுக்கு அந்த வசதி இல்லை. பறவைகள் கொண்டுவந்து போடும் விதை, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் விழ வேண்டும். கோடை வெப்பம் ஏற ஏற, அந்த ஈரம்தான் முதலில் போகிறது.

2018-ல் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. சரி, தேவைதான். எரிந்த நிலத்தை அப்புறம் யார் பார்ப்பது? தீக்குப் பிந்தைய முதல் இரண்டு மழைக்காலத்தில் சீகை நாற்றைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். அந்த வேலைக்கு மலைக்கிராம மக்களை அமர்த்தி, கூலிக்கு வனத்துறை தனியாக நிதி ஒதுக்க வேண்டும். மரமாக வளரவிட்டால் செலவு பல மடங்காகும்.

- ஒரு வாசகர், கொடைக்கானல்